மாப்பிள்ளைக்குத் தனி ஜக்

அந்தப் பெட்டி இடிக்குதா தம்பி? காலால தள்ளிக்கோங்க, பரவாயில்ல. கனக்காது. காலிப் பெட்டிதான். காலிப் பெட்டியைத் தூக்கிட்டு எவனாவது குன்னூர்ல இருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுவானான்னு பாக்கறீங்க. பாருங்க, பாருங்க. திரும்பி வரும்போது நெறஞ்சு வரும். பொண்ணோட துணிமணி.

பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன். புருஷன் வீட்டுல இருந்து. கல்யாணம் ஆகி இன்னும் வருஷம் திரும்பல. இப்படி முன்னப்பின்ன தெரியாதவர்கிட்ட சொல்லும்போதே நாக்கு கூசுது. ஆனா தெரிஞ்சவங்ககிட்ட சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

வர்க்கி எடுத்துக்கோங்க. காலையில பேக்கரியில சுடச்சுட வாங்கினது. அட, வேண்டாம்னா எப்படி? பக்கத்துல உக்காந்துட்டு நான் மட்டும் திங்கறதா? ஒண்ணே ஒண்ணு. வயிறு சரியில்லையா? வர்க்கி வயித்தை ஒண்ணும் பண்ணாது. இந்தாங்க, கையில வெச்சுக்கோங்க, அப்புறமா சாப்பிடுங்க. அவ்வளவுதான்.

என் பேரு ஞானசிகாமணி. மிலிட்டரியில இருந்தேன். துப்பாக்கி பிடிச்ச மிலிட்டரி இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆபீசர்ஸ் மெஸ்ல இருந்தேன், கடைசியில மெஸ் ஹவில்தாரா வெளிய வந்தேன். வடக்க எத்தனையோ ஊரு. சுடறது வறுக்கறது எல்லாம் சமையல்காரன் வேலை. கலக்கறது என் வேலை. பார்ட்டின்னா ஞானத்தைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க.

கிறிஸ்துமஸ்னா எக்நாக். உங்களுக்கு எக்நாக் தெரியுமோ என்னவோ. முட்டைப் பால்னு சொன்னா எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்பாங்க. ஒரு வாய் குடிச்சிட்டாங்கன்னா அப்புறம் கிளாஸை வெக்க மாட்டாங்க. மஞ்சக்கருவையும் சர்க்கரையையும் வெளுத்து வர்ற வரைக்கும் அடிக்கணும். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கற சூட்டுக்கு ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். அவசரப்பட்டீங்கன்னா முட்டை வெந்து திரிஞ்சு போயிடும், அப்புறம் முட்டைப் பொரியலைத்தான் கிளாஸ்ல ஊத்தித் தரணும். அப்புறம் கிரீம். அப்புறம் ரம். வெள்ளைக்கருவைத் தனியா அடிச்சு, பாத்திரத்தைக் கவுத்தாலும் விழக்கூடாது, அப்படி நுரை நிக்கணும். அதை மேல மெதுவாச் சேத்து, ஜாதிக்காயைத் துருவி விட்டா வாசனை வாசல் வரைக்கும் போகும்.

ரிட்டயர் ஆகி குன்னூர் வந்தப்புறமும் நான் விடல. மாசாமாசம் மிலிட்டரி கேன்டீன் கோட்டாவுல பாட்டில் வரும். நான் அவ்வளவாக் குடிக்கிற ஆள் கிடையாது தம்பி, நம்பினா நம்புங்க. சேத்து வெப்பேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு எங்க சபையில பாதி வந்துடும். எக்நாக் ஒரு பாத்திரம். ரம்மைச் சுடவெச்சு ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பட்டை போட்டு ஒரு கெட்டில். அன்னாசிப் பழச்சாறும் எலுமிச்சையும் சோடாவும் கலந்து ஒரு பஞ்ச். என் வீட்டுக்காரி பியூலா அக்டோபர்லயே ஊறப் போட்ட திராட்சை ஒயின். பாஸ்டருக்கும் மாதர் சங்கத்துக்கும் இஞ்சி ஒயின். அதுல பேருதான் ஒயின், இஞ்சியும் சர்க்கரையும் தவிர ஒண்ணும் கிடையாது. ஆனா அதைக் குடிச்சிட்டு மாதர் சங்கத்துத் தலைவியம்மா பாடின பாட்டைக் கேட்டீங்கன்னா சந்தேகம் வரும்.

மெஸ்ல எங்களுக்கு ஒரு சட்டம். எழுதி வெக்காத சட்டம். விருந்தாளி கிளாஸ் காலியா இருந்தா அது நம்ம குத்தம். அவர் போதும்னு சொன்னார்னு சொல்லக்கூடாது. போதும்னுதான் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க எவன் தம்பி எடுத்த எடுப்புல கொடுங்கன்னு சொல்றான்? இலையில சோறு போடப் போனா ரெண்டு கையையும் குறுக்க நீட்டுவான். கையை விலக்கிட்டுப் போட்டாத்தான் மரியாதை. வேண்டாம்னு சொன்னதும் அப்படியா சரின்னு நகந்துட்டோம்னு வைங்க, வீட்டுக்குப் போய், அந்த வீட்டுல ஒரு உபசாரம் இல்லன்னு ஏழு வருஷத்துக்குச் சொல்லுவான். எனக்குத் தெரிஞ்ச நியாயம் அதுதான். அதுல நான் வளந்தேன், அதுல சோறு தின்னேன்.

எதுக்குச் சொல்றேன்னா, நான் பண்ணினது தப்புன்னு எல்லாரும் பேசறாங்க. நான் என்ன பண்ணிட்டேன்? உபசாரம் பண்ணினேன். எனக்குத் தெரியாதே தம்பி. யாரும் எனக்குச் சொல்லலையே.

மாப்பிள்ளை பேரு ரூபன். கோயமுத்தூர்ல பம்ப்செட் கம்பெனியில சூப்பர்வைசர். நல்ல பையன். கொஞ்சம் பேச்சு கம்மி. ஹெப்சிதான், என் பொண்ணு ஹெப்சிபா, அவதான் பாத்து முடிவு பண்ணினா, ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. எங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. கல்யாண ரிசப்ஷன்ல என்னோட பழைய சிநேகிதங்களுக்குத் தனியா ஒரு ரூம் போட்டு வெச்சிருந்தேன், உங்களுக்குப் புரியும். மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்கடான்னேன். அவர் அந்த ரூம் வாசல் வரைக்கும் வந்து கும்பிடு போட்டுட்டுப் போயிட்டார். அடக்கமான பையன்னு எல்லாரும் பாராட்டினாங்க.

கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற முதல் கிறிஸ்துமஸ், தலைக் கிறிஸ்துமஸ், பொண்ணு வீட்டுலதான். உங்க பக்கம் தலை தீபாவளி மாதிரி. புதுத் துணி, மோதிரம், கேக், எல்லாம் தயார். நவம்பர்லயே பியூலா என்கிட்ட வந்து சொன்னா. 'ஏங்க, ஹெப்சி போன்ல ஒண்ணு சொன்னா. இந்த வருஷம் இந்தக் கலக்கல் எல்லாம் வேண்டாமாம். மாப்பிள்ளைக்குப் பழக்கம் இல்லையாம்.'

நான் சிரிச்சேன். 'மாமனார் வீட்டுல முதல் தடவை வர்றவன் பழக்கம் இருக்குன்னா சொல்லுவான்? அதெல்லாம் மாப்பிள்ளை முறுக்கு'ன்னேன்.

'இல்லங்க, அவ கொஞ்சம் அழுத்திச் சொன்னா.'

'அழுத்திச் சொன்னா நான் அழுத்திக் கொடுக்கறேன்.' இப்படித்தான் சொன்னேன். இப்ப நினைச்சா எனக்கே என் வாயில போடணும் போல இருக்கு. அன்னைக்கு அது பெரிய நகைச்சுவை. பியூலாவும் சிரிச்சுட்டுப் போயிட்டா.

இறங்கி டீ குடிக்கிறீங்களா? இல்ல, இது பர்லியாறு, இங்க நிக்காது. மேட்டுப்பாளையத்துல நிப்பான். வர்க்கியை இன்னும் கையிலயே வெச்சிருக்கீங்க பாருங்க. சாப்பிடுங்க, பொடிப்பொடியா உதிருது.

வந்தாங்க ரெண்டு பேரும். இருபத்தஞ்சாந் தேதி காலையில ஆராதனை, மத்தியானம் பிரியாணி. சாப்பிட்டு எல்லாரும் கொஞ்சம் சாய்ஞ்சாங்க. நான் அடுப்படியில முட்டை உடைச்சிட்டு இருக்கேன். மாப்பிள்ளை வந்து நிக்கிறார். 'நான் ஏதாவது பண்ணட்டுமா மாமா?' ன்னார். அடடா, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எனக்கு மகன் இல்ல தம்பி. வெள்ளைக்கருப் பாத்திரத்தையும் கரண்டியையும் கையில கொடுத்தேன். கை வலிக்க வலிக்க அடிச்சார். நுரை எழும்பி வந்ததும் பாத்திரத்தைத் தலைமேல கவுத்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழல. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்பத்தான் சொன்னார். மெதுவா. 'மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரம் இல்லாம ஒரு கிளாஸ் தனியா வெச்சிடுங்க. எனக்கு அது ஒத்துக்காது.'

'ஒத்துக்காதுன்னா? வயிறா?'

கரண்டியை எடுத்துக் கழுவினார். அப்புறம், 'ஆமா மாமா, அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்' ன்னார்.

சொல்லியிருக்கலாம்ல? அந்த இடத்துல என்கிட்ட உடைச்சுச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன ஊரெல்லாம் தண்டோராவா போடப் போறேன்? சரின்னேன். தோள்ல தட்டிக் கொடுத்து, 'மாப்பிள்ளைக்குத் தனி ஜக். மாமா பொறுப்பு' ன்னேன். பச்சைப் பூப் போட்ட ஒரு பீங்கான் ஜக் இருந்துச்சு, அதுல ரம் விடறதுக்கு முன்னாலயே எடுத்து ஊத்தி, மேல நுரை போட்டு, ஜாதிக்காய் துருவி, தனியா வெச்சேன். அவர் பாத்துக்கிட்டே இருந்தார். 'தேங்க்ஸ் மாமா' ன்னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு முகமே மாறிப் போச்சு, தலையில இருந்து ஏதோ சுமையை இறக்கி வெச்ச மாதிரி.

சாயங்காலம் மூடுபனி இறங்கிடுச்சு. கூடம் நெறைய ஆளு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, இஞ்சி ஒயின் குடிச்சிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகணும்னு கிளம்பிட்டார். அவர் போனதும்தான் எங்க ஆளுங்களுக்குக் குரலே வரும். மாப்பிள்ளையை நடுவுல உக்கார வெச்சிருக்காங்க. எங்க சபைச் செயலர் எட்வின், அவனும் எக்ஸ் மிலிட்டரிதான், வாய் சும்மா இருக்காது. 'எங்க ஞானம், உன் மருமகன் கை வெறுங்கையா இருக்கு?' ன்னான்.

நான் அந்த ஜக்ல இருந்து ஊத்திக் கொண்டாரப் போறேன், அவனுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, நான் சொல்லியிருப்பேன் போல, 'அவருக்குத் தனி ஜக்காமே! உள்ள வெறும் பாலாமே! ஏம்ப்பா, தொட்டில்ல போட்டுத் தாலாட்டு ஒண்ணு பாடிடலாமா?' ன்னான். கூடம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரிச்சார். எனக்குத்தான் காது சூடாயிடுச்சு. எத்தனை ஆபீசருங்க என் கையால வாங்கிக் குடிச்சிட்டு ஞானம் ஞானம்னு கொண்டாடியிருக்காங்க. என் வீட்டுல, என் மருமகன், பால் குடிக்கிறார். வெட்கமாப் போச்சு தம்பி. ஆமா, அன்னைக்கு முதல்ல வெட்கப்பட்டது அதுக்குத்தான்.

உள்ள போனேன். கிளாஸ்ல ஊத்தி எடுத்துட்டு வந்தேன். என் கையாலயே கொடுத்தேன். மாமனார் கையால கொடுக்கறது மரியாதை. எல்லாரும் கைதட்டினாங்க. அவர் வாங்கி, பெரிய வாயா ஒரு வாய் குடிச்சார். அப்புறம் நிறுத்திட்டு என்னைப் பாத்தார். சும்மா பாத்தார். அப்புறம் மிச்சத்தையும் குடிச்சார்.

குடிச்சிட்டு, 'இன்னொண்ணு கொடுங்க மாமா' ன்னார்.

சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, ஹெப்சி பொறந்தப்ப வந்ததுக்கு அடுத்து அதுதான். கேட்டு வாங்கிக் குடிக்கிறார் மருமகன்! எட்வினைப் பாத்து மீசையை முறுக்கினேன். இன்னொண்ணு கொடுத்தேன். அதுக்கு மேல ஒண்ணு. அப்புறம் அவரே எழுந்து போய் கெட்டில்ல இருந்து ஊத்திக்கிட்டார். பஞ்ச் குடிச்சார். ஒயின் குடிச்சார். அதுக்கப்புறம் கலக்கினது எதுவும் வேண்டாம்னு நேரா பாட்டிலை எடுத்துட்டார். ஹெப்சி மாடியில மாதர் சங்கத்துத் தலைவியம்மாவோட பேசிட்டு இருந்தா. கீழ இறங்கி வந்து படியிலயே நின்னுட்டா.

மீதியை நான் எப்படிச் சொல்ல? அந்தப் பேச்சே இல்லாத பையன் கத்தினார். பாடினார். ஜோடிச்சு வெச்சிருந்த கிறிஸ்துமஸ் மரத்துமேல சாஞ்சு அதோட விழுந்தார். வாசல்ல செடிப் பாத்தியில வாந்தி எடுத்தார். அத்தனை பேர் முன்னால ஹெப்சி காலைப் பிடிச்சிட்டு, 'போச்சு ஹெப்சி, எல்லாம் போச்சு' ன்னு குழந்தை மாதிரி அழுதார். சபை மொத்தமும் ஷால் போத்திட்டு நின்னு வேடிக்கை பாக்குது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. என்ன பண்ணினேன் தெரியுமா? சத்தம் போட்டேன். அவரைத்தான். 'குடிக்கத் தெரியாதவன் எதுக்குய்யா குடிக்கிறே? மரியாதையான வீட்டுல வந்து இப்படித்தான் நடந்துக்குவியா?' ன்னேன். மாப்பிள்ளையை 'அவன் இவன்'னு பேசினது அன்னைக்குத்தான். எல்லாரும் என் பக்கம் தலையாட்டினாங்க.

ஹெப்சி என்னைப் பாத்துச் சொன்னா. சத்தமே போடல. 'நாலு வருஷம்ப்பா. ஒரு சொட்டு தொடல. என்னைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் சொன்னார். ஆஸ்பத்திரியில கிடந்தது, வேலை போனது, எல்லாம். யாருக்கும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அது ஒண்ணுதான் கேட்டார்.'

அப்பக்கூட நான் என்ன சொன்னேன்? 'எனக்குத் தெரியாதேம்மா' ன்னேன்.

மறுநாள் விடிஞ்சதும் காரை வரவெச்சு ரெண்டு பேரும் போயிட்டாங்க. மோதிரப் பெட்டி மேஜைமேலயே இருந்துச்சு. அதுக்கப்புறம் அவர் நிறுத்தல தம்பி. கம்பெனிக்குப் போகல. ஜனவரி முழுக்க அப்படித்தான். பியூலா போய் அங்கயே தங்கிட்டா. பிப்ரவரியில ஒரு மறுவாழ்வு மையத்துல சேத்தாங்க. போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கார். நான் குன்னூர்ல தனியா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா கடைசி பெஞ்சுலதான் உக்காருறேன். முன்னெல்லாம் ரெண்டாவது பெஞ்ச். இந்த லெந்து காலத்துல, ஈஸ்டருக்கு முன்னால நாங்க நோன்பு இருக்கற நாள்ல, எட்வின் வந்து, 'கவலைப்படாத ஞானம், குடிகாரனுக்குக் கட்டி வெச்சு ஏமாத்திட்டானுங்க' ன்னு சொல்லிட்டுப் போறான். நானும் ஆமான்னேன்.

முந்தாநாள் ஹெப்சி கூப்பிட்டா. 'அப்பா, ஞாயித்துக்கிழமை வாங்க. பேசணும்.' அவ்வளவுதான். குரல்ல ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலயே அவர்கிட்ட சொல்லியிருக்கா, 'திரும்பத் தொட்டீங்கன்னா நான் இருக்க மாட்டேன்' னு. பியூலா சொன்னா. அதான் பெட்டியை எடுத்துட்டு வந்துட்டேன். பொண்ணுக்கு அப்பன் நான், கேக்கும்போது போய் நிக்கணுமா இல்லையா?

என்ன? திரும்பச் சொல்லுங்க, இந்தக் கொண்டை ஊசி வளைவுல ஹாரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

அந்த ஜக்.

ம். நீங்க கவனமாத்தான் கேட்டுட்டு வந்திருக்கீங்க. தனி ஜக்ல இருந்து ஊத்தினா எப்படிப் போதை வரும்னு கேக்கறீங்க. பாருங்க, இதைப் பியூலா கேக்கல. எட்வின் கேக்கல. ஒருத்தர் கேக்கல. எல்லாரும் அவர் ஆசைப்பட்டு வாங்கிக் குடிச்சார்னுதான் நினைச்சிட்டு இருக்காங்க.

அந்த ஜக்ல ஒரு மூடி ரம் விட்டேன் தம்பி. பாட்டில் மூடி இருக்குல்ல, அதால ஒண்ணு. வாசனைக்கு. ரம் இல்லாம அது எக்நாக்கா, சொல்லுங்க? ஆஸ்பத்திரியில நோயாளிக்குக் கொடுக்கற பால். ஒரு மூடி தெரியவா போகுதுன்னு நினைச்சேன். அவருக்கும் ஒரு கூச்சம் விட்டுப் போகட்டும், நாலு பேரோட நாலு பேரா இருக்கட்டும். ஒரு தடவை ருசி பாத்துட்டார்னா அப்புறம் அவரே கேப்பார்னு...

மூடி இல்ல. மூடியால அளந்து ஊத்தற ஆளா நான்? பாட்டிலைச் சாய்ச்சேன். காது சூடா இருந்துச்சு, கூடத்துல சிரிப்புச் சத்தம் இன்னும் கேட்டுச்சு. நல்லாவே சாய்ச்சேன்.

என் கையால ஊத்தி, என் கையால கொடுத்து, அவர் விழுந்ததும் குடிக்கத் தெரியாதவன்னு சபை முன்னால ஏசினேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு மூணு மாசமா அதையே தின்னுட்டு இருக்கேன்.

அவருக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. முதல் வாயிலயே தெரியும். அதான் பாத்தார். ஒரு வார்த்தை, 'மாமா இதுல என்னமோ கலந்திருக்கார்'னு சொல்லி அங்கயே கிளாஸைக் கீழ வெச்சிருந்தா என் மானம் போயிருக்கும். அவர் வெக்கல. ஹெப்சிகிட்டயும் சொல்லல. மையத்துல இருக்கும்போது ஒரு நாள் எனக்குப் போன் பண்ணினார். அங்க வாரத்துக்கு ஒரு போன்தான் விடுவாங்களாம், அதை எனக்குப் பண்ணினார். நான் எடுத்ததும் உளறினேன். ஹெப்சிகிட்ட நான் சொல்லிடட்டுமா மாப்பிள்ளைன்னேன். அவர் சொன்னார், 'வேண்டாம் மாமா. முதல் கிளாஸ் நீங்க கொடுத்தது. ரெண்டாவது நான் கேட்டு வாங்கினது. நான் அதைப் பத்தி மட்டும்தான் பேசறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.'

நானும் சரின்னுட்டேன். உடனே. என் வாழ்க்கையில ஒருத்தர் வேண்டாம்னு சொல்லி, மறுபேச்சு இல்லாம நான் கேட்டுக்கிட்டது அதுதான் முதல் தடவை தம்பி.

இன்னைக்கு அங்க போய் உக்காந்து, பொண்ணோட அப்பாவா, வாக்குத் தவறின மாப்பிள்ளைன்னு நான் பேசணும். துணியை மடிச்சுப் பெட்டியில வெக்கணும். அவர் எதிர்ல உக்காந்து வாயைத் திறக்க மாட்டார். என்னைக் காப்பாத்தறதுக்காக அவர் பொண்டாட்டியை விட்டுக் கொடுப்பார். நான் வாங்கிட்டு வருவேன். என்ன ஜென்மம் நான்!

மேட்டுப்பாளையம் வந்துடுச்சு. கொஞ்ச நேரம் நிப்பான். நீங்க போய் டீ குடிங்க, நான் பெட்டியைப் பாத்துக்கறேன். இல்லையா? சரி. நான் திரும்பக் கேக்கல.

இருங்க, போன் அடிக்குது. ஹெப்சி.

சொல்லும்மா. மேட்டுப்பாளையம் வந்தாச்சு. ஆமா. சாப்பிட்டேன். அம்மா இருக்காளா? சரி. ஆமாம்மா, பெட்டி கொண்டு வந்திருக்கேன், பெரிய பெட்டி... எதுக்குப் பெட்டியா? எதுக்குன்னா... சரி, சரி. கோவிக்காத. வெச்சிடாத. ஹெப்சி, வெச்சிடாத. ஒரு நிமிஷம் கேளு. அன்னைக்கு அந்தப் பச்சைப் பூ ஜக்... அதுல நான் ரம் ஊத்தினேன்மா. அவருக்குத் தெரியாம. அவர் வேண்டாம்னு சொல்லியும் ஊத்தினேன். அவர் குடிக்கலம்மா, நான்தான் குடிக்க வெச்சேன்.

ம்.

ம்.

எப்போல இருந்து?

சரிம்மா. இல்லம்மா, அதெல்லாம் வேண்டாம், நானே ஆட்டோவுல... ஹெப்சி... ஹலோ?

வெச்சுட்டா.

தெரியும்ப்பான்னு சொன்னா தம்பி. அன்னைக்கு ராத்திரியே தெரியுமாம். எல்லாரும் போனப்புறம் பாத்திரம் கழுவினது அவதான். ஜக்ல மிச்சம் இருந்ததை மோந்து பாத்திருக்கா. 'ரூபன் இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்ப்பா. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் இன்னைக்கு அப்பா சொல்லுவார், இன்னைக்குச் சொல்லுவார்னு இருந்தேன்.' அழல அவ. அழுதிருந்தாக்கூடத் தேவலாம்.

பெட்டியை யார் கொண்டு வரச் சொன்னான்னு கேட்டா. அவரை விட்டுட்டு வர்றேன்னு நான் எப்பச் சொன்னேன்னு கேட்டா. சொல்லல, வாஸ்தவம், அவ சொல்லவே இல்ல. நானாத்தான் பெட்டியைத் துடைச்சு எடுத்துட்டுக் கிளம்பினேன். என்கிட்ட இதைக் கேக்கத்தான் வரச் சொல்லியிருக்கா. நேர்ல, மூஞ்சியைப் பாத்து. அவரைப் பத்திப் பேச இல்ல.

எனக்கு இப்பத்தான் தம்பி வெட்கமா இருக்கு. முன்னால பட்டதெல்லாம் வேற என்னவோ. அந்தப் பிள்ளை மூணு மாசமா எனக்காகக் காத்துட்டு இருந்திருக்கா, நான் தினமும் எனக்குத் தெரியாதேன்னு அவகிட்டயே சொல்லிட்டு இருந்திருக்கேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ரூபன் வர்றாராம் என்னைக் கூட்டிட்டுப் போக. வேண்டாம்மா, ஆட்டோ பிடிச்சு நானே வந்துடறேன்னு எவ்வளவோ சொன்னேன், நீங்களும் கேட்டீங்கல்ல? நிஜமாவே வேண்டாம்னுதான் சொன்னேன். அவர் அப்பவே வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாராம். வெயில்ல நின்னுட்டு இருப்பார். பெட்டியைக் கையில இருந்து வாங்குவார். வாங்க மாமான்னுதான் சொல்லுவார், வேற ஒண்ணும் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும்.

எடுத்துட்டான் வண்டியை. இனி ஒரு மணி நேரத்துல போயிடுவான்.

நீங்களும் அங்கதானே இறங்கணும்னு சொன்னீங்க? அவசரமா போகணுமா? இறங்கினதும் கொஞ்ச நேரம் என் பக்கத்துல நில்லுங்க தம்பி. ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா நின்னா போதும்.